ஒற்றை டிக்

கெட்டவன் ஜெயிக்கிற மேட்ச்தான் நல்ல மேட்ச் என்பது என் கருத்து. நல்லவன் ஜெயித்தால் கைதட்டிவிட்டுப் போய் மாவு கரைக்கலாம், கெட்டவன் ஜெயித்தால்தான் அடுத்த வாரம் வரைக்கும் வயிறு எரியும், அந்த எரிச்சலுக்காகத்தானே பார்க்கிறோம். இதை இன்று காலை ஆறு பத்துக்கு மாறனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக். ஆறேகாலுக்கு, பிக் மார்லோவுக்கு வயதாகிவிட்டது, நடந்து வருவதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது, இவனை இன்னும் எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறார்கள், வீட்டில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றலாம் என்று அனுப்பினேன். ஒற்றை டிக். ஆறரைக்கு, பெண்கள் மேட்ச்சில் அந்தப் பச்சை முடிக்காரி விழுகிற அழகே தனி, அடிப்பதைவிட விழுவதுதான் கஷ்டம் என்று இந்த ஆம்பளை ரசிகர்களுக்கு எப்போதுதான் புரியுமோ என்று அனுப்பினேன். அதற்கும் ஒற்றை டிக். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய மல்யுத்த நிகழ்ச்சி, அமெரிக்காவில் அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி, நமக்கு ஞாயிறு விடிகாலை ஐந்தரை. இருபத்தேழு வருடமாக நானும் என் தம்பி மாறனும் இதைச் சேர்ந்துதான் பார்க்கிறோம். ஒரே வீட்டில் இருந்தவரைக்கும் ஒரே பாயில், அப்புறம் நான் வேலூரிலும் அவன் ஓசூரிலுமாகப் போனில். டைபாய்டு வந்து அவன் படுத்திருந்த வருடம்கூட விடவில்லை. கல்யாணமாகி நாலாம் நாள் காலையில் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு அக்கா பாத்தியா, அக்கா பாத்தியா என்று இருபது மெசேஜ் அனுப்பினான், ஹேமலதா அன்றைக்கே அவனை விட்டுப் போயிருக்கலாம், பாவம், நாலு வருடம் பொறுத்தாள். அப்படிப்பட்டவன் இன்று ஒரு வார்த்தை அனுப்பவில்லை, கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஏழே முக்காலுக்குக் கடைசி மேட்ச், சாம்பியன் பெல்ட்டுக்கான மேட்ச், மூன்று மாதமாக நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்ட மேட்ச், மணி அடித்துவிட்டார்கள், நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பியதெல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக, என் பக்கம் மட்டும், ஒற்றை டிக், ஒற்றை டிக், ஒற்றை டிக். டிவியை அணைத்தேன். அணைத்த பிறகுதான் அணைத்தது தெரிந்தது. கைக்கு வந்த புடவையைச் சுற்றிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோது மணி எட்டு ஐம்பது.

ஆம்பூர் தாண்டிவிட்டது. பஸ் டிவியில் ஏதோ பழைய காமெடி ஓடுகிறது, ஒருத்தன் இன்னொருத்தனைக் கன்னத்தில் அறைகிறான், திரும்பவும் அறைகிறான், முன் சீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அடி வாங்குகிறவனைக் கண்டால் நமக்கு அப்படி ஒரு சந்தோஷம், இதைப் பற்றி நான் ஒரு பெரிய மெசேஜே எழுதலாம், மாறன் படித்துவிட்டு நீ ஒரு தத்துவ ஞானிக்கா என்று சிரிப்பான், அனுப்ப வேண்டாம், இதற்கும் ஒற்றை டிக் விழும். பக்கத்து சீட்டு அம்மா மடியில் ஒரு பெரிய ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு அது மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். "எங்கம்மா போறீங்க?" என்றாள். ஓசூர் என்றேன். "அங்க யாரு கீறாங்க?" தம்பி என்றேன். "நல்லா கீறாரா?" என்றாள், எல்லோரும் கேட்பதுதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வேறு என்ன கேட்பார்கள். தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை, அந்த அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லா கீறாரா. வியாழக்கிழமை நல்லாத்தான் இருந்தான். இல்லை, வியாழக்கிழமை நல்லா இருக்கிற மாதிரி இருந்தான். அதுவும் இல்லை, வியாழக்கிழமை நல்லா இல்லை என்று என்னிடம் தெளிவாகச் சொன்னான், நான் அதற்கு மார்க் போட்டேன். எங்களுக்குள் ஒரு வழக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் காலேஜ் ஆபீஸை முடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது அவன் கூப்பிடுவான். ஹலோ கிடையாது, சாப்டியா கிடையாது. மேட்ச்சுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு சவால் விடுவார்களே அந்தக் குரலில், "பூங்கோதை! கோட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா தப்பிச்சிடலாம்னு பாக்கறியா!" என்று ஆரம்பிப்பான். நானும் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி பதில் சவால் விடுவேன், நாற்பத்து நாலு வயதில், கையில் டிபன் பையோடு. கடைசியில் ஒருத்தர் பேச்சுக்கு ஒருத்தர் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிட்டு வைத்துவிடுவோம். எங்கள் நல்லது கெட்டது எல்லாம் அதற்குள்ளேதான். ஹேமலதா போனதைக்கூட அவன் அப்படித்தான் சொன்னான், என் டேக் டீம் பார்ட்னர் என்னை விட்டுட்டு எதிர் டீமுக்குப் போயிட்டாக்கா என்று. அதற்கு நாலு போட்டேன். இந்த வியாழக்கிழமை குரல் ஓங்கவில்லை. "அக்கா, ஷூவைக் கழட்டி ரிங் நடுவுல வச்சுட்டேன்க்கா" என்றான். ஓய்வு பெறுகிற மல்யுத்தக்காரன் கடைசி மேட்ச் முடிந்ததும் ஷூவைக் கழற்றி மேடை நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போவான், அது அங்கே ஒரு சம்பிரதாயம், கூட்டம் எழுந்து நின்று அழும். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். "ரிடையர் ஆனவன் எவன்டா ஆறு மாசத்துல திரும்பி வராம இருந்திருக்கான்?" என்றேன். "நான் வரமாட்டேன்க்கா. ரொம்ப நேரமா கீழயே கிடக்கறேன். எண்ணி முடிச்சுட்டாங்க" என்றான், விழுந்தவன் எழுந்திருக்காவிட்டால் நடுவர் எண்ணி முடித்துத் தோற்றதாக அறிவிப்பாரே, அந்த எண்ணிக்கை. நான் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தேன், ஒரு ஷேர் ஆட்டோ உரசுகிற மாதிரி போனது, ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டே, "அஞ்சுக்கு மூணரை. வாய்ஸ் நல்லா இருந்துச்சு, முடிவு இழுவை" என்றேன்.  அவன் சிரித்தான். "மூணரையா. பரவாயில்லக்கா" என்றான். குக்கர் வைக்கணும், வைடா என்று நானே கட் பண்ணினேன்.

நானே கட் பண்ணினேன். நானே. மூணரை. அந்த அரையை எதற்காகக் கொடுத்தேன் என்று யோசிக்கிறேன், பாருங்கள், இப்போதும் அதுதான் ஓடுகிறது, மூணு போட்டிருக்கலாமா நாலு போட்டிருக்கலாமா என்று, என்ன ஜென்மம் நான். வாணியம்பாடியில் கூட்டம் ஏறியது, பிரியாணி மணம், தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவனுக்கு இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று போலீஸில் கேட்டால் நான்தான் கையெழுத்துப் போடவேண்டும். போலீஸ் எதற்கு வருகிறது இங்கே. வேண்டாம். அப்பா மின்சார வாரியத்தில் லைன்மேன், இடுப்பில் அகலமான தோல் பெல்ட், சாயங்காலம் வந்ததும் அதைக் கழற்றுகிற சத்தத்துக்கு வீடே அமைதியாகிவிடும். என்னை அடிக்கமாட்டார், பொம்பளைப் பிள்ளை. எனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து மாறனுக்கு. கணக்கில் முப்பத்து மூன்று, கடைக்கு அனுப்பினால் பாக்கிச் சில்லறையைத் தொலைத்தான், நின்றான், நடந்தான், ஏதோ ஒன்று. அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாலு. நான் சமையலறைக் கதவோரம் நின்று அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வாயை மட்டும் அசைத்து வர்ணனை சொல்வேன். அப்பாதான் வில்லன், இவான் கிரிப். இதோ இவான் கிரிப் கயிற்றின் மேல் ஏறுகிறார், இதோ பாய்கிறார், மாறன் கீழே, ஒன்று, இரண்டு, ஆ, எழுந்துவிட்டார், என்ன ஒரு வீரர்! அவன் அடியை வாங்கிக்கொண்டே என் உதட்டைப் பார்ப்பான், பார்த்துப் பார்த்துச் சிரித்துவிடுவான். சிரிக்கிறியாடா என்று அப்பா இன்னும் நாலு போடுவார். எனக்கு அது தெரியும். நான் வர்ணனை செய்தால் அவன் சிரிப்பான், சிரித்தால் கூட நாலு விழும், தெரிந்தும் செய்தேன், ஏனென்றால் அவன் அழுவதை என்னால் பார்க்கமுடியாது. அவனுக்காகச் செய்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எனக்காகத்தான் செய்திருக்கிறேன். ராத்திரி முதுகில் தேங்காய் எண்ணெய் தடவும்போது, வலிக்குதாடா என்று கேட்டதில்லை, இன்னைக்கு மேட்ச் எப்படி என்று கேட்பேன், அவன் ஐந்துக்கு நாலு என்பான். அப்படித்தான் மார்க் போடுகிற பழக்கம் வந்தது, அவனுக்கும் எனக்கும். அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது, அந்த பெல்ட் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்குகிற மாத நாவல்தான், வேறு பெரிய இலக்கியமெல்லாம் கிடையாது. முதலில் கடைசிப் பக்கத்தைப் பிரித்து யார் செத்தார்கள் யார் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று பார்த்துவிட்டால் அப்புறம் நிம்மதியாக முதல் அத்தியாயத்துக்கு வரலாம், இடையில் கதாநாயகி எத்தனை கண்ணீர் விட்டாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. மாறன் இதற்காக என்னோடு சண்டை போடுவான், "அப்புறம் எதுக்குக்கா படிக்கறே" என்பான். அவன் ஒரு பக்கம் தாண்டமாட்டான். வெப் சீரீஸில்கூட அந்த ஆரம்பப் பாட்டைத் தள்ளிவிடாமல் முழுசாகப் பார்க்கிற ஒரே மனிதன் அவன்தான், வேலை செய்தவர்களுடைய பேரெல்லாம் போடுகிறார்கள், பார்க்கவேண்டாமா என்பான். முடிவு தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, இந்தப் பஸ்ஸில் இப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது, ஓசூரில், பாகலூர் ரோட்டுக்கு உள்ளே, இரண்டாம் மாடியில், நான் அதைப் பார்க்க விரும்பவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நினைப்பு அந்த மாடிப்படி வரைக்கும் போகிறது, கதவு வரைக்கும் போகிறது, அங்கே நின்றுவிடுகிறது, திரும்பவும் வியாழக்கிழமைக்கு வந்து ரோட்டைக் கடக்கிறது. பச்சூர் பக்கம் வரும்போது ஹேமலதாவுக்குப் போன் செய்தேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை, எடுத்தாள். "மூணு மாசமா பேச்சே இல்லீங்க அண்ணி" என்றாள், இன்னும் அண்ணி என்றுதான் சொல்கிறாள். "கம்பெனியில விசாரிச்சிருக்கலாமே" என்றேன், எதற்கு அவளைக் குற்றம் சொல்கிற மாதிரி கேட்டேன் என்று தெரியவில்லை. "கம்பெனியா? அவர நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சே. அவர் கூட வேலை செஞ்சவர் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்றேன். பொய். இரண்டு மாதம் என்றால் எட்டு வியாழக்கிழமை. எட்டு வியாழக்கிழமையும் சவால் விட்டான், மார்க் வாங்கினான், ஷிப்ட் எப்படிடா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அது சவாலில் சேராது. "நான் வேணா கிளம்பி வரட்டுமா?" என்றாள் ஹேமலதா, பெங்களூரிலிருந்து ஓசூர் பக்கம்தான். நான் வேண்டாம் என்றேன். வைத்த பிறகு, ஏன் வேண்டாம் என்றேன், அவள் எனக்கு முன்னால் போயிருப்பாளே, ஒரு மணி நேரம் முன்னால் போயிருப்பாளே என்று திரும்பக் கூப்பிட்டேன், பிஸி, இன்னொரு தடவை, பிஸி. மாறன் குடியிருக்கிற வீட்டு ஓனரைக் கூப்பிட்டேன், திருப்பதியில் இருக்கிறாராம், சாயங்காலம்தான் வருவாராம். எல்லோரும் எங்கேயோ இருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் பத்து நிமிடம் போட்டான். ஸ்கேன் கவர் அம்மா இறங்கினாள், இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "போய்ப் பாரும்மா, ஒண்ணும் இருக்காது" என்றாள், நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அவளுடைய கவருக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தெரியாது, கருத்துச் சொல்லத்தான் தெரியும். எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். பாட்டுப்போட்டியில் நீதிபதிகள் அழுவது காசுக்கு, சீரியல் மாமியார்கள் தூங்கும்போதும் நகையைக் கழற்றாதது அநியாயம், இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களைப் பிடித்து உள்ளே போடவேண்டும், மல்யுத்தம் பொய் என்று சொல்கிறவனுக்கு நாடகம் என்றால் என்னவென்று தெரியாது. இந்தக் கடைசிக் கருத்து எனக்கு ரொம்பப் பெருமை. ஆபீஸில் எவனாவது, மேடம் அதெல்லாம் செட்டப் மேடம் என்று இளித்தால் பிடித்துக்கொள்வேன். அங்கே விழுகிறவனுக்கு வலி உண்டு, கழுத்து உடைந்தவன் உண்டு, முடிவு மட்டும்தான் முன்கூட்டியே பேசினது என்பேன். நிஜமாகவே அடிபட்டுவிட்டால் நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி வைப்பார், அதைப் பார்த்ததும் உள்ளேயிருந்து டாக்டர் ஓடிவருவார், அதுவரைக்கும் கீழே கிடப்பவன் எவ்வளவு கத்தினாலும் ஒருத்தரும் நகரமாட்டார்கள், இன்னும் நன்றாகக் கத்து என்றுதான் கூட்டம் கைதட்டும். இதையெல்லாம் ஊருக்கே விளக்கிச் சொல்லுகிறவள் நான். நிஜம் எது நடிப்பு எது என்று நடுவர் கையைப் பார்க்காமலே, அவன் விழுந்த சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று மாறனிடம் பந்தயம் கட்டி மூன்று தடவை ஜெயித்திருக்கிறேன். என் கூடப் பிறந்தவன் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேறு வார்த்தை தேடவேண்டாம், பயமாகத்தான் இருக்கிறது. வெளியில் வெயில் கொளுத்துகிறது, கண்டக்டர் டீ குடித்து முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டு நிற்கிறார், விசில் அடித்தால்தான் என்ன. "அண்ணா, எப்ப எடுப்பீங்க?" என்றேன் ஜன்னல் வழியாக. என் குரலில் என்ன இருந்ததோ, அவர் கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டு வந்து ஏறினார். சூளகிரி மேம்பாலம் வரும்போது போன் துடித்தது. மாறன் என்று வந்தது. அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். எடுக்கப் பயம், வேறு யாராவது அவன் போனிலிருந்து கூப்பிடுகிறார்களோ என்று, ஒரு ஆம்பளைக் குரல், நீங்க யாரும்மா அவருக்கு என்று. எடுத்தேன்.

"அக்கா" என்றான். அவன்தான். குரல் காய்ந்து கிடந்தது. வாயில் புடவைத் தலைப்பை வைத்துக் கடித்துக்கொண்டேன். "போனை இப்பதான் ஆன் பண்ணேன்க்கா. மேட்ச் முடிஞ்சிருக்குமே, யாரு ஜெயிச்சான்னு மட்டும் பாத்துடலாம்னு. உன் மெசேஜா வந்து கொட்டுது." இந்தப் பக்கம் டயர் இரைச்சல், அந்தப் பக்கம் மின்விசிறி. "யாருக்கா ஜெயிச்சது?"

"தெரியலடா. பார்க்கல."

"பார்க்கலயா?"

"மணி அடிச்சாங்க. அணைச்சிட்டேன். பஸ்ல வந்துட்டிருக்கேன், சூளகிரி."

  ஏழு கடல் தாண்டி யார் வந்து நின்றாலும் நான் பெல்ட் மேட்ச்சைப் பாதியில் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும், என்னை அவனைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வாய் அரித்தது. சவால் குரலில் ஏதாவது சொன்னால் சிரித்துவிடுவான், எனக்குத் தெரியும், சிரித்துவிட்டால் இந்த நிமிடம் கடந்துவிடும், நாக்கு நுனியிலேயே இருந்தது. விழுங்கினேன்.

"மாறா, சாப்பிட்டியா?" என்றேன். முப்பது வருடத்தில் அவனிடம் கேட்காத கேள்வி.

"இல்லக்கா."

"நேத்து?"

"இல்ல."

"கதவைத் தொறந்து வை. நான் ஆட்டோ பிடிச்சு வந்துடறேன்."

"தொறந்துதான்க்கா இருக்கு. தள்ளினா போதும்" என்றான். அப்புறம், மெதுவாக, பால் பாக்கெட் எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லுகிற குரலில், "வியாழக்கிழமையிலேருந்து தாழ்ப்பா போடல. யாரும் உடைச்சிட்டு வரவேண்டாமேன்னு" என்றான்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. முன் சீட்டுக்காரர் தூங்கிவிட்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"போனை வைக்காதே" என்றேன். "நான் வந்து சேர்ற வரைக்கும் பேசிட்டே இரு."

"என்ன பேசறது?"

"என்ன ஆச்சுன்னு சொல்லு."

"முதல்லேருந்தா?"

"முதல்லேருந்து. நான் குறுக்கே பேசமாட்டேன்."

ரொம்ப நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தபோது, "வேலை போச்சுக்கா" என்றான், சொல்லும்போதே உடைந்து அழ ஆரம்பித்தான். ஒன்பது வயதில் அழவேண்டியதெல்லாம் சேர்ந்து வருகிற மாதிரி அழுதான்.

தெரியும் என்று நான் சொல்லவில்லை.

"ம்" என்றேன்.